கணினி உலாவியில் புத்தகக்குறிகளை ஒழுங்குபடுத்தி வைத்தல்

மண்வெட்டி வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் அறிந்திருப்பவனுக்கு, வாய்க்கால் கரை உடைந்த இரவில் அம்மண்வெட்டியால் யாதொரு பயனும் இல்லை. கருவியை உடையவனாயிருத்தல் ஒன்று. வேண்டிய சமயத்தில் அது கைக்கு எட்டுமாறு வைத்திருத்தல் மற்றொன்று. வானிலை அறிக்கை, விலை நிலவரம், பட்டா, பயிர்க் காப்பீடு, மின்கட்டணம் முதலிய காரியங்களுக்காகக் கணினியில் பார்க்கப்படும் இணையப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். ஒருமுறை அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த பக்கத்தை மறுமுறை காணமாட்டாமல் அரைநாளை வீணாக்குவோர் அநேகர். இவ்வல்லலைத் தவிர்க்கும் பொருட்டே உலாவிகளில் புத்தகக்குறி என்னும் ஏற்பாடு அமைந்திருக்கிறது. அதை அறவே உபயோகிக்காதவர் சிலர். அளவின்றி உபயோகித்துக் குப்பையாக்கிக்கொண்டவர் பலர். பின்னவர் நிலைமை முன்னவர் நிலைமையைக் காட்டிலும் மேலானதென்று சொல்வதற்கில்லை.

உலாவி அல்லது பிரௌசர் என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் நிரல். க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்பன இப்பொழுது பெரிதும் வழங்குவன. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் விசையையும் டி என்னும் எழுத்து விசையையும் ஒருங்கே அழுத்தினால் அப்பக்கத்தின் முகவரி உலாவியில் பதிந்துகொள்ளும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் காணும் நட்சத்திரத்தைச் சொடுக்கினாலும் அதுவே நிகழும். இப்பதிவே புத்தகக்குறி; புக்மார்க் என்றும் சொல்வார்கள். எட்ஜ் உலாவியில் ‘பிடித்தவை’ என்று காண்பதும் இதுவே. பெயர் இரண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மொசைக் உலாவியில் இத்தகைய பட்டியல் ஒன்று இருந்தது. 1994இல் வெளிவந்த நெட்ஸ்கேப் அதைப் புக்மார்க் என வழங்கிற்று. 1995இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதையே ‘ஃபேவரிட்ஸ்’, அதாவது பிடித்தவை, என்றது. நெட்ஸ்கேப் எல்லாக் குறிகளையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதிற்று. எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு குறியையும் தனித்தனிச் சிறு கோப்பாக்கி விண்டோஸின் ஒரு கோப்புறையில் இட்டது. முன்னது பேரேட்டை ஒக்கும். பின்னது சீட்டுக் கட்டை ஒக்கும்.

ஒழுங்குபடுத்தும் முறைக்குள் புகுமுன் ஒரு விஷயத்தை நன்கு மனத்தில் இருத்தவேண்டும். புத்தகக்குறி என்பது பக்கத்தின் முகவரியே அன்றிப் பக்கம் அன்று. களஞ்சியத்துக்குச் செல்லும் வழியை எழுதிவைத்திருப்பவன் நெல்லை உடையவன் ஆகான். களஞ்சியம் இடம் மாறினால், அல்லது இடிந்தால், எழுதி வைத்த வழி வெறுந்தரைக்கே கொண்டுபோய் விடும். இணையத்தில் இது அருமையாக நிகழ்வதன்று. அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2013ஆம் ஆண்டில் இருந்த பக்கங்களுள் மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் நூற்றுக்கு 38 பத்தாண்டு கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை. யாஹூ கம்பெனியார் 2009இல் ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தை மூடியபோது எண்ணிறந்த தனிமனிதர் பக்கங்கள் ஒருங்கே மறைந்தன. நம் நாட்டில் நிக்.இன் என்று முடிந்த அரசாங்க முகவரிகள் பல பிற்காலத்தில் ஜிஓவி.இன் என்று மாறின. அக்மார்க்நெட் என்னும் சந்தை விலைத் தளமும் அவ்வாறு மாறியதே. பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகையால், எதைக் குறித்துவைப்பது, எதை நகலெடுத்து வைப்பது என்பதை முதலில் பிரித்தறிதல் அவசியம். நாளுக்கு நாள் மாறும் செய்தியைத் தரும் பக்கத்துக்குக் குறி போதும். வானிலை ஆய்வுத் துறையின் மழை முன்னறிவிப்பையும், சந்தை விலைப் பக்கத்தையும் நகலெடுத்து வைப்பதால் பயன் இல்லை. நேற்றைய விலையை வைத்துக்கொண்டு இன்று யாரும் மூட்டை ஏற்றுவதில்லை. இவற்றுக்கு வழியே வேண்டும். மாறாதிருக்கவேண்டிய செய்திக்கோ குறி போதாது. மண் ஆய்வு முடிவு, காப்பீடு செலுத்திய ரசீது, மானிய விண்ணப்பத்தின் பதிவெண் உள்ள பக்கம், ஒரு பயிர்க்குரிய சாகுபடிக் குறிப்பு ஆகியவற்றைக் கணினியிலேயே நகலாகச் சேமித்தல் வேண்டும். கண்ட்ரோல் விசையுடன் பி என்னும் எழுத்தை அழுத்தினால் அச்சிடும் பலகை தோன்றும். அதில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும் முறையைத் தெரிந்தெடுத்தால் பக்கம் உள்ளபடியே கோப்பாகிவிடும்.

இவ்விடத்தில் பலர் இழைக்கும் பிழை ஒன்றை விவரித்தல் நலம். ஊர், வட்டம், பட்டா எண் முதலியவற்றைப் படிவத்தில் நிரப்பி, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் இட்டுப் பெற்ற பட்டா விவரப் பக்கத்தில் நின்றுகொண்டு நட்சத்திரத்தைச் சொடுக்குகிறார்கள். பின்னொரு நாள் அக்குறியைத் திறந்தால் வெறும் படிவமோ, ‘காலாவதியாயிற்று’ என்னும் செய்தியோ வருகிறது. கணினி பழுதுபட்டதென்று எண்ணுகிறார்கள். பழுது கணினியில் இல்லை. படிவத்தில் நிரப்பிய விவரங்கள் இத்தகைய பக்கங்களில் முகவரியோடு சேர்வதில்லை. அவை தளத்துக்குத் தனியே அனுப்பப்பட்டு, அந்த வருகையோடு முடிந்துபோகின்றன. ஆகவே படிவம் தொடங்கும் முதற் பக்கத்தைக் குறித்துவைத்து, விடையாக வந்த பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கிவைப்பதே முறை. வங்கிப் பக்கங்களும், பயனர் பெயர் இட்டு நுழையும் பிற பக்கங்களும் இவ்வகையினவே.

குறித்துவைப்பானேன், வேண்டும்போது தேடுபொறியில் தேடிக்கொண்டால் ஆகாதா எனச் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி அற்பமானதன்று. குறித்த பக்கத்துக்கும்கூட மக்கள் மறுபடி தேடியோ, முகவரியை நினைவிலிருந்து அடித்தோ போய்ச் சேர்கிறார்களே அன்றிப் பெரும்பாலும் குறியைத் திறப்பதில்லை என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2001ஆம் ஆண்டை ஒட்டி நடத்திய ஆராய்ச்சியில் கண்டார்கள். சாதாரணக் காரியங்களுக்கு அவ்வாறு செய்வதில் குற்றமும் இல்லை. சினிமாப் பாட்டும் சமையற் குறிப்பும் தேடிக்கொள்ளத்தக்கவையே. ஆனால் காலம் தவறினால் பொருள் நஷ்டம் விளையும் காரியங்கள் சில உள.

2016ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆலங்கட்டி மழை போன்று ஓரிடத்தை மட்டும் தாக்கும் இடரால் பயிர் அழிந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அறுத்து வயலிலேயே காயப் பரப்பியிருக்கும் பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால், அச்சேதம் அரசாங்க அறிவிக்கையில் சேர்க்கப்பட்டிருக்குமிடத்து, அதற்கும் அதே கெடுவே. 72 மணி நேரம் என்பது மூன்று நாள். முதல் நாள் நிலத்தில் கழிகிறது. மின்சாரம் இல்லாமலும் போகலாம். எஞ்சிய பொழுதில் தேடுபொறியில் காப்பீடு என்று அடித்தால், விளம்பரங்களும், தனியார் விளக்கக் கட்டுரைகளும், சில வேளைகளில் போலித் தளங்களும் முன்னே நிற்கின்றன. சரியான பக்கத்தின் குறி, காப்பீட்டு ரசீதின் நகல், கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஆகியவை ஒரே இடத்தில் இருந்தால் அரைமணியில் முடியும் காரியம் இது. புத்தகக்குறிகளை ஒழுங்குசெய்வதன் முழுப் பயனும் இத்தகைய ஒருநாளில்தான் தெரியவரும்.

இனிக் கோப்புறைகளை வகுக்கும் விதம். கோப்புறை என்பது குறிகளை இனம்பிரித்து இடும் பை. இதனை வகுப்பதில் பெரும்பாலோர் தளத்தை நடத்துவோர் பெயரால் வகுக்கிறார்கள்: மத்திய அரசு, மாநில அரசு, பல்கலைக்கழகம், வங்கி என்றவாறு. பார்வைக்கு இது ஒழுங்குபோல் தோன்றினும் பயன் குறைவு. விதைக் குதிர்களின்மேல் என்ன விதை, எந்தப் பட்டத்துக்கு என்று எழுதாமல் விற்ற கடைக்காரர் பெயரை எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். நெல் விற்கவேண்டிய நாளில், ‘சந்தை விலை மத்திய அரசினதா, மாநில அரசினதா?’ என்று யாரும் யோசிப்பதில்லை; விற்கவேண்டும் என்றே யோசிக்கிறார்கள். ஆகையால் எந்தக் காரியத்தின்போது திறக்கப்படுமோ, அக்காரியத்தின் பெயரையே கோப்புறைக்கு இடுதல் வேண்டும்.

ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு ஐந்தாறு கோப்புறைகள் போதும். ‘விற்பனை’ என்பதில் அக்மார்க்நெட் விலைப் பக்கமும், 2016இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையின் பக்கமும் இருக்கலாம். ‘நிலம்’ என்பதில் பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்க்கும் பக்கங்கள். ‘பயிர்’ என்பதில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்திலிருந்து, அக்குடும்பத்தார் மெய்யாகவே பயிரிடும் பயிர்களுக்குரிய பக்கங்கள் மட்டும்; என்றேனும் வெனிலா பயிரிடலாம் என்னும் ஆசையால் குறித்தவற்றுக்கு அங்கே இடமில்லை. ‘கட்டணம்’ என்பதில் மின்சாரம், வங்கி. ‘படிப்பு’ பிள்ளைகளுடையது; அதை ஒழுங்குசெய்வதையும் பிள்ளைகளுக்கே விட்டுவிடலாம். ‘அவசரம்’ என்று ஒன்று கட்டாயம் வேண்டும். புயல் எச்சரிக்கை, காப்பீட்டுச் சேத அறிவிப்பு ஆகிய இரண்டு மூன்று குறிகளுக்கு மேல் அதில் சேர்த்தலாகாது. ஒரே பக்கம் இரண்டு காரியங்களுக்கு வேண்டுமானால் இரண்டு கோப்புறைகளிலும் நகலாக வைப்பதில் தவறில்லை. வானிலைப் பக்கம் ‘அவசரம்’ என்பதிலும் இருக்கலாம். தினமும் பார்ப்பதாகையால் வெளியிலும் இருக்கலாம்.

வெளியில் என்றது புத்தகக்குறிப் பட்டையை. முகவரிப் பட்டைக்குக் கீழே நீளவாக்கில் தோன்றும் அதைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தித் தோன்றவும் மறையவும் செய்யலாம். நாள்தோறும் திறக்கும் நான்கைந்து குறிகளையும் மேற்சொன்ன கோப்புறைகளையும் அப்பட்டையிலேயே வைத்துக்கொண்டால், பட்டியலைத் திறந்து தேடவேண்டிய வேலை பெரும்பாலும் ஒழியும். இடம் போதாதபோது, நன்கு பழகிய குறியின் பெயரை அழித்துவிட்டால் தளத்தின் சிறு சின்னம் மட்டும் நிற்கும். குறிகளை இடம் மாற்றுதல், பெயர் திருத்துதல், நீக்குதல் ஆகியவற்றுக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ ஆகிய விசைகளை அழுத்தினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். கோப்புறைக்குள் கோப்புறை ஒரு படிக்கு மேல் வேண்டா. மூன்றாம் படியில் போட்டது கிணற்றில் போட்டதே.

பெயரிடுதல் பெரிதும் அலட்சியம் செய்யப்படும் விஷயம். குறித்துவைக்கும்போது உலாவி தானே ஒரு பெயரைக் கொடுக்கிறது. அது பக்கத்தை அமைத்தவர் வைத்த தலைப்பு. ‘முகப்பு’, ‘நல்வரவு’, ‘உள்நுழைக’ என்னும் தலைப்புகள் பத்துத் தளங்களுக்குப் பொதுவாயிருக்கின்றன. முகப்பு என்று ஏழு குறிகள் வரிசையாக நிற்குமாயின் ஏழையும் திறந்தே பார்க்கவேண்டும். ஆகவே குறித்த அந்தக் கணமே, தோன்றும் சிறு பலகையில் பெயரைத் திருத்தி, ‘பட்டா சிட்டா பார்க்க’, ‘காப்பீடு, சேதம் தெரிவிக்க’ என்று வீட்டில் வழங்கும் சொல்லால் எழுதவேண்டும். தமிழில் எழுதத் தடை யாதும் இல்லை. வேறொரு பயனும் இதில் உண்டு. முகவரிப் பட்டையில் ‘பட்டா’ என்று தொடங்கியவுடனே அப்பெயருள்ள குறி கீழே தோன்றும். ஃபயர்ஃபாக்ஸில் உடுக்குறியை முன்னிட்டு ஒரு சொல்லை அடித்தால் புத்தகக்குறிகளில் மட்டுமே தேடும். நற்பெயர் இட்டவனுக்குக் கோப்புறையைத் திறக்கும் வேலையே பாதி குறையும். பெயர்களின் முன் 1, 2 என்று எண் இட்டு வைத்தால், பெயர்வாரியாக அடுக்கும்போதும் விரும்பிய வரிசை கெடாது.

எவ்வளவு ஒழுங்காக வகுத்தாலும், பின்பு பார்க்கலாம் என்று அவசரத்தில் குறித்தவை ஒருபுறம் சேர்ந்துகொண்டே இருக்கும். இவற்றைத் தடுக்க முயல்வது வீண். ‘பார்க்கவேண்டியவை’ என்று ஒரு கோப்புறையை ஒதுக்கி, புதிதாக வருவன யாவற்றையும் அதில் விழச்செய்து, மாதம் ஒருமுறை அதைக் காலிசெய்வதே எளிய உபாயம். எருக்குழியில் இட்ட குப்பையாவது நாள் சென்றால் எருவாகும். இக்கோப்புறையில் இட்டது எத்தனை வருஷம் சென்றாலும் மக்குவதில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, காரியத்துக்கு உதவுவதை உரிய கோப்புறைக்கு மாற்றி, மற்றதை நீக்கிவிடவேண்டும். மூன்று மாதம் திறக்கப்படாமல் அங்கேயே கிடப்பதைத் திறந்து பாராமலே நீக்கினும் நஷ்டம் நேர்வது அபூர்வம். திறக்காமல் போன குறி முக்கியமானதாயின், அதன் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தாரின் வேபேக் மெஷின் என்னும் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். 1996ஆம் ஆண்டு முதல் சேகரித்த பழைய பக்கங்களை அவர்கள் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் அங்கே கிடைக்குமென்பதில்லை. கடவுச்சொல் இட்டு நுழையும் பக்கங்கள் கிடைக்கவே மாட்டா.

குறித்துவைக்கப்படும் முகவரி உண்மையானதுதானா என்பதை ஒருமுறை நிதானித்துப் பார்ப்பது, பின்னர் நூறுமுறை பார்ப்பதை மிச்சப்படுத்தும். முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கவனிக்கவேண்டும். அப்பகுதி ஜிஓவி.இன் என்று முடியுமாயின் அது அரசாங்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பெயர். அவ்வெழுத்துக்கள் நடுவில் வந்து, முடிவு வேறாக இருந்தால் நம்புதல் கூடாது. வங்கி முதலிய பிற தளங்களின் முகவரியைப் பாஸ் புத்தகத்திலோ, அலுவலகத்தார் அச்சிட்டுத் தந்த தாளிலோ காண்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டபின் குறிக்கவேண்டும். அதன்பின், குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், தன் குறியின் வழியாகவே செல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டால், போலித் தளங்களில் அகப்படும் அபாயம் வெகுவாகக் குறையும். ஒப்பிடாமல் போலியையே குறித்துவிட்டாலோ, பதரை விதைக்குதிரில் கட்டிவைத்த கதையாகும். ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடே அங்கே போவோம்.

குறிகளைப் பாதுகாக்கும் வகையில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. உலாவியில் கணக்குத் தொடங்கி நுழைந்தால், கணினியிலுள்ள குறிகள் கைப்பேசியிலும் தோன்றுகின்றன. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். இரண்டிடத்தில் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று நிற்குமென்று கருதுகிறார்கள். ஒத்திசைவில் சேர்த்தது பரவுவதுபோலவே நீக்கியதும் பரவும். சிறுபிள்ளை கைப்பேசியில் ஒரு கோப்புறையை அழித்தால் சிறிது நேரத்தில் கணினியிலும் அது அழிந்திருக்கும். பிறர் நடத்தும் சேமிப்புத் தளங்களை நம்புவதும் இத்தன்மையதே. 2003இல் தோன்றிப் பல்லாயிரவர் குறிகளைக் காத்துவந்த டெலிஷியஸ் தளம் கை மாறி மாறி, 2017இல் புதிய குறி எதுவும் சேர்க்கமுடியாததாயிற்று. பின்பு படிப்பதற்கெனப் பக்கங்களைச் சேர்த்து வைக்க உதவிய பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

ஆகையால் ஏற்றுமதி என்னும் வசதியைக் கையாளவேண்டும். நிர்வாகப் பக்கத்தின் பட்டியலில் புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்யும் கட்டளை இருக்கிறது. அதனைச் சொடுக்கினால் எல்லாக் குறிகளும் கோப்புறைகளும் ஒரே கோப்பாக எழுதப்படும். அக்கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து, அன்றைய தேதியைப் பெயரோடு சேர்த்து வைக்கவேண்டும். புதுக் கணினி வாங்கினாலும், வேறு உலாவிக்கு மாறினாலும், இறக்குமதி என்னும் கட்டளையால் அதனை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். எந்த உலாவி எழுதினாலும் மற்றதால் படிக்கமுடிவதற்குக் காரணம், நெட்ஸ்கேப் ஏற்படுத்திய கோப்பு முறையையே எல்லாரும் பின்பற்றுவதாம். நெட்ஸ்கேப் 2008இல் கைவிடப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் 2022 ஜூனில் ஆதரவு நின்றது. எனினும் இன்று க்ரோமிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பை எழுத்தாகத் திறந்து பார்த்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கக் காணலாம். தவறி ஏதேனும் நீக்கிவிட்டால், க்ரோமின் நிர்வாகப் பக்கத்தில் உடனே கண்ட்ரோல், இசட் விசைகளை அழுத்தினால் மீளும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே சில நாட்களின் நகல்களை வைத்திருந்து மீட்கும் வசதி தருகிறது. இவை கைப்பிழைக்கு உதவுமே ஒழிய, கணினியே பழுதுபட்டால் உதவமாட்டா.

வீட்டில் பலர் ஒரே கணினியைக் கையாளும்போது ஒவ்வொருவருக்கும் உலாவியில் தனிச் சுயவிவரம் ஏற்படுத்தினால் ஒருவர் குறிகள் மற்றவர் குறிகளோடு கலவா. இ-சேவை மையம் முதலிய பொது இடத்துக் கணினிகளில் சொந்தக் கணக்கில் நுழைந்து ஒத்திசைவு செய்தல் கூடாது.

கடைசியாக, மின்சாரமும் கணினியும் இல்லாத நாளையும் நினைக்கவேண்டும். ‘அவசரம்’ கோப்புறையிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளையும், காப்பீட்டு விண்ணப்ப எண்ணையும், உரிய தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதி, பட்டா ரசீதுகளோடு சேர்த்துக் கட்டிவைத்தால், அண்டை வீட்டார் கைப்பேசியிலிருந்தும் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். கடவுச்சொற்களை அத்தாளில் எழுதலாகாது.